பெல்ட் கத்துனா பெல்ட்ட மட்டும் மாத்தாதீங்க: எங்க பழைய டீசல் ஜீப்புல நடந்த கதை

எங்க வீட்டு ஜீப்பு 1996 மாடல், டீசல், டிஎன் 74 வண்டி. அப்பா வாங்கினது. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்துல உள்ள எங்க ரப்பர் விளையில (தோட்டத்துல) இருந்து ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏத்திட்டு போறதுக்குன்னே வச்சிருந்தாரு, இப்பம் நான் ஓட்டுறேன். ஏசி கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது, அதனால இஞ்சினுக்கு முன்னால ஒரே ஒரு வி பெல்ட் தான், கீழ கிராங்க் புல்லி, நடுவுல வாட்டர் பம்பும் ஃபேனும், பக்கத்துல டைனமோ, இந்த மூணையும் சுத்தி ஓடும். ஆல்டர்னேட்டர்னு தான் சொல்லணும், ஆனா ஒர்க் ஷாப்ல எல்லாரும் டைனமோன்னு தான் சொல்லுவாங்க, நானும் அப்படியே எழுதுறேன். அந்த டைனமோவுக்கு பின்னால, அதே தண்டுல, பிரேக்குக்கு உள்ள வேக்கம் பம்பும் இருக்கு, பிரேக்க லேசா மிதிக்க உதவுற பூஸ்டர்ல இருந்து காத்த உறிஞ்சி எடுக்கிறது அது தான். இந்த ஒரு விஷயத்த மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

சத்தம் ஆரம்பிச்சது போன வருஷம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்கு பருவமழை பிடிச்ச சமயம். காலம்பற செல்ஃப் அடிச்சு இஞ்சின் பிடிச்ச உடனே கீஈஈச்னு ஒரு நீள சத்தம், பத்து செகண்டு இருக்கும், அப்புறம் தன்னால நின்னுரும். பகல்ல வண்டி சூடான பிறகு ஒண்ணும் இருக்காது. ராத்திரி ஹெட்லைட்ட போட்டுட்டு வைப்பரையும் போட்டா லேசா மறுபடியும் கத்தும். மழை ஈரம், பழைய பெல்ட்டு, அவ்வளவு தான்னு நெனச்சேன்.

இந்த காலை சத்தத்துக்கு காரணம் என்னன்னு இப்பம் எனக்கு தெரியும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில இருந்து நல்லா கரண்ட இழுத்துரும், இஞ்சின் ஓட ஆரம்பிச்ச உடனே டைனமோ அத திருப்பி நிரப்ப பாக்கும், அப்போ அது சுத்துறதுக்கு கனமாயிரும். 14 வோல்ட்ல 50 ஆம்பியர் குடுக்கணும்னா 700 வாட், அது ஏறக்குறைய 1 எச்பி, டைனமோவுக்குள்ளயே வீணாப்போறதையும் சேத்தா அதுக்கும் மேல. இவ்வளவு பாரத்தையும் இழுக்கிறது இருக்கிறதுலயே சின்ன புல்லி, அதுல பெல்ட்டு சுத்தி பிடிக்கிற இடமும் குறைவு. பெல்ட்டு லூசா இருந்தா மொதல்ல வழுக்குறது அங்க தான். லைட்ட போட்டா சத்தம் கூடுதுன்னா டைனமோ பக்கம் பாக்கணும்ங்கிறது இதுனால தான்.

பக்கத்துல உள்ள ஒரு கடையில பெல்ட்ட மாத்துனேன். பத்து நிமிஷ வேலை. ரெண்டு வாரம் சத்தமே இல்ல, எனக்கும் நிம்மதி. அப்புறம் அதே சத்தம். திரும்ப கொண்டு போனதுக்கு கம்பிப்பாரைய வச்சு டைனமோவ நெம்பி பெல்ட்ட வீணைக் கம்பி மாதிரி டைட் பண்ணி விட்டாங்க. நீளமா கத்துறது நின்னுச்சு. ஆனா மூணு வாரம் கழிச்சு புதுசா ஒரு சத்தம், கிச் கிச் கிச்னு, சின்ன சின்னதா, இஞ்சின் வேகத்தோட சேந்து வேகமாகும், குறைஞ்சா குறையும். ஒருத்தர் சொன்னாருன்னு பெல்ட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே வாங்கி அடிச்சேன், ரெண்டு நாள் அமைதி, மூணாவது நாள் அதுல தூசியெல்லாம் ஒட்டி இன்னும் மோசம். அப்புறம் இன்னொரு பெல்ட்டு. ஒரு வாரத்துல அதுவும் கிச் கிச்.

இங்க நான் செஞ்ச தப்பு என்னன்னா, மொதல்ல வந்த நீள சத்தமும் பின்னால வந்த கிச் கிச்சும் ஒண்ணுன்னு நெனச்சது. ரெண்டும் வேற வேற. நீளமா கத்துனா பெல்ட்டு வழுக்குது, அதாவது லூசு, இல்லன்னா சுத்த வேண்டியது ஏதோ பிடிச்சுக்கிட்டு சுத்த மாட்டேங்குது. விட்டு விட்டு கிச் கிச்னு வந்தா பெல்ட்டு புல்லிக் குழிக்குள்ள நேரா இறங்காம சைடுல உரசிட்டு இறங்குது, அதாவது புல்லிகள் ஒரே நேர்கோட்டுல இல்ல. இத யாராவது அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு அந்த புரட்டாசி சாயங்காலம் வந்திருக்காது.

பேச்சிப்பாறை பக்கத்துல இருந்து ஷீட்டு ஏத்திட்டு இறங்கி வர்றேன். லேசான தூறல், ரோடு வழுக்கல், ரெண்டு பக்கமும் ரப்பர் மரம். ஒரு இறக்கத்துல டப்னு ஒரு சத்தம், கிச் கிச் நின்னு போச்சு, டேஷ் போர்டுல சார்ஜ் லைட்டு சிவப்பா எரிஞ்சுது. பேட்டரி தானே, வீட்டுக்கு போய் பாத்துக்கலாம்னு நெனச்சு பிரேக்க மிதிச்சேன், பிடிச்சுது. ரெண்டாவது தடவ மிதிச்சேன், கொஞ்சமா பிடிச்சுது. மூணாவது தடவ பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு, காலு முழு பலத்தையும் குடுத்தும் வண்டி நிக்கல. பெல்ட்டு கழண்டா டைனமோ நிக்கும், டைனமோ நின்னா பின்னால இருக்கிற வேக்கம் பம்பும் நிக்கும், பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்கம் ஒண்ணு ரெண்டு மிதிக்கு தான் வரும். அப்புறம் முழுக்க உங்க கால் பலம் தான், பாரம் ஏத்துன வண்டிய இறக்கத்துல நிறுத்த அது போதாது. செகண்ட் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்க பைய பைய இழுத்து, ஓரத்துல மண்ணுல ஏத்தி நிறுத்துனேன். அதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளும் ஏற ஆரம்பிச்சிருந்துது, வாட்டர் பம்பும் அதே பெல்ட்டு தானே. பக்கத்துல என் பொண்ணு உக்காந்திருந்தா. அத நெனச்சா இப்பவும் கை சில்லுன்னு ஆவுது. பழைய டீசல் வண்டி வச்சிருக்கிறவங்க தயவு செஞ்சு பானட்ட தொறந்து உங்க வேக்கம் பம்பு எதுல ஓடுதுன்னு ஒரு தடவ பாத்துருங்க. நிறைய வண்டியில டைனமோ பின்னால தான் இருக்கும்.

மூணாவது பெல்ட்ட அங்கனயே வரவழைச்சு மாட்டி, மறுநாள் காலையில சுமை ஒண்ணும் ஏத்தாம பைய ஓட்டிட்டு மார்த்தாண்டம் பக்கம் எங்க அப்பா காலத்து மெக்கானிக் ஆசான்கிட்ட போனேன். அவருக்கு எழுபது வயசுக்கு மேல ஆச்சு, ஒர்க் ஷாப்ப மகன் பாத்துக்கிறாரு, ஆனா பழைய டீசல் வண்டி வந்தா ஆசானே எந்திரிச்சு வருவாரு.

"மக்ளே, எத்தன பெல்ட் மாத்துன?"

"மூணு ஆசானே."

"பெல்ட்டு பாவமாக்கும். அது கத்தி சொல்லிட்டே கெடக்கு, நீ அதையே மாத்திட்டு கெடக்க. பழசு எல்லாம் கையில உண்டா?"

நல்ல வேளை, ரெண்டு பழைய பெல்ட்டும் சீட்டுக்கு அடியில கெடந்துது. ஆசான் வண்டியவே பாக்கல, மொதல்ல அந்த ரெண்ட தான் வெளிச்சத்துல திருப்பி திருப்பி பாத்தாரு. மொத பெல்ட்ட மடக்கி அதுல அச்சடிச்சிருந்த நம்பர காட்டுனாரு, ஏவி10. எங்க வண்டிக்கு வேண்டியது ஏவி13. அந்த 10, 13ங்கிறது பெல்ட்டோட மேல்பக்க அகலம், மில்லிமீட்டர்ல, அதுக்கு பின்னால வர்ற பெரிய நம்பர் நீளம். கடையில நீளத்த மட்டும் ஒப்பிட்டு குடுத்துட்டாங்க போல. வி பெல்ட்டு புல்லிக்குழியோட ரெண்டு சுவர்ல தான் பிடிக்கணும், ஆப்பு மாதிரி இறுகி. அடியில முட்டவே கூடாது. ஒல்லி பெல்ட்டு உள்ள போய் அடியில உக்காந்துரும், எவ்வளவு டைட் பண்ணினாலும் பிடி இருக்காது. சரியான பெல்ட்டுன்னா மேல்பக்கம் புல்லி விளிம்புக்கு சமமா, இல்லன்னா ஒரு நூல் மேல நிக்கும். அந்த மொத பெல்ட்டோட அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னிட்டு இருந்துது.

ரெண்டாவது பெல்ட்டு தான் உண்மைய சொல்லுச்சு. அது சரியான ஏவி13. ஒரு பக்கச் சுவர் வழவழன்னு கருப்பு பாலிஷ், இன்னொரு பக்கச் சுவர் சொரசொரன்னு, ஓரத்துல உள்ள இருக்கிற நூலு பிஞ்சு மீசை மாதிரி நிக்குது. ரெண்டு சுவரும் ஒரே மாதிரி தேஞ்சா வயசு. ஒரு சுவர் மட்டும் தேஞ்சா கோணல். ஆசான் விரல வச்சு அந்த பிஞ்ச நூல தடவி காட்டுனத நான் மறக்க மாட்டேன். இத்தன நாளும் பதில் என் சீட்டுக்கு அடியில தான் கெடந்திருக்கு.

அப்புறம் வண்டிக்கு வந்தாரு. தோள்ல கெடந்த துவர்த்த (துண்ட) எடுத்து தூர போட்டாரு, என்னையும் சட்டைக் கைய மடக்க சொன்னாரு, ஓடுற ஃபேன் கிட்ட தொங்குற துணி இருக்கவே கூடாது. ஐடிலிங்ல கிச் கிச் நல்லா கேட்டுது. "ஒரு கப்புல கொஞ்சம் வெள்ளம் எடு" ன்னாரு, எங்க ஊர்ல தண்ணிக்கு அப்படி தான் சொல்லுவாங்க. ஃபேனுக்கு எட்டாத பக்கம் நின்னு பெல்ட்டோட உள் பக்கத்துல கொஞ்சமா தெளிச்சாரு. சத்தம் உடனே நின்னுது. நான் வாய தொறக்குறதுக்குள்ள "பொறு" ன்னு கைய காட்டினாரு. வெள்ளம் தெறிச்சு காஞ்சு, பத்து பதினஞ்சு செகண்டுல கிச் கிச் திரும்ப வந்துது.

தண்ணி பட்டதும் சத்தம் நின்னு, காஞ்சதும் திரும்ப வந்தா கோணல். தண்ணி பட்டதும் சத்தம் கூடிப் போச்சுன்னா பெல்ட்டு லூசு, வழுக்குது. ஒரு கப்பு தண்ணியில ஒரு பைசா செலவில்லாம பாக்கலாம். சோப்பு தேய்க்கிறது, மெழுகு தேய்க்கிறது, ஸ்பிரே அடிக்கிறது எல்லாம் இந்த தண்ணி மாதிரியே தான், சத்தத்த அமுக்கும், காரணம் அப்படியே இருக்கும். அதுல எண்ணெய் கலந்தது ஏதாவது அடிச்சா இன்னும் கெடுதல். ரப்பர் விளையில வளந்த நமக்கு இத சொல்லணுமா, ஷீட்டு மேல மண்ணெண்ணெய் பட்டா ஊதி கொழகொழன்னு ஆவுறத பாத்திருக்கோமே. பெல்ட்டு ரப்பர் வேற ரகம், எண்ணெய கொஞ்சம் தாங்கும், ஆனா டீசலும் இஞ்சின் ஆயிலும் நாள்பட பட்டா அதுவும் மெதுவாயிரும். வேக்கம் பம்புக்கு போற ஆயில் ஹோஸ்ல கசிவு இருக்கான்னும் ஆசான் விரல் வச்சு பாத்தாரு, இல்ல.

அடுத்து பெல்ட்ட கழட்டிட்டு இஞ்சின ஸ்டார்ட் பண்ண சொன்னாரு, அரை நிமிஷம் மட்டும், வாட்டர் பம்பு ஓடாதுங்கிறதால அதுக்கு மேல விடக்கூடாது. வண்டிய நகத்தவும் கூடாது, பிரேக்கு இருக்காது. சத்தம் சுத்தமா இல்ல. அப்போ இஞ்சினுக்குள்ள ஒண்ணும் இல்ல, பெல்ட்டும் பெல்ட்டு ஓட்டுற சாமானும் தான். இஞ்சின நிறுத்திட்டு ஒவ்வொரு புல்லியா கையால சுத்தினாரு. வாட்டர் பம்பு வெண்ணெய் மாதிரி சுத்துது, ஃபேன் பிளேட பிடிச்சு முன்ன பின்ன ஆட்டி பாத்தா ஆட்டம் இல்ல, பம்புக்கு அடியில இருக்கிற சின்ன ஓட்டையிலயும் தண்ணி கசிஞ்ச தடம் இல்ல. அந்த ஓட்டையில ஈரம் இருந்தா சீல் போச்சுன்னு அர்த்தம், அத எம்சீல் வச்சு அடைக்கிறவங்கள பாத்திருக்கேன், அது ரொம்ப தப்பு, அடைச்சா தண்ணி பேரிங்குக்கு தான் போகும். டைனமோவ சுத்தும்போது மட்டும் உள்ள மணல் கெடக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. கம்பிப்பாரை வச்சு டைட் பண்ணினதோட பலன் அது, முன் பேரிங்கு பாரம் தாங்காம அடி வாங்கியிருக்கு.

கடைசியா அவரு எடுத்தது கொத்தனார் நூலு. லேசர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. திரும்ப பெல்ட்ட மாட்டி டைட் பண்ணிட்டு, கிராங்க் புல்லியோட முகத்துல ரெண்டு ஓரமும் தொடுற மாதிரி நூல இழுத்து பிடிச்சு டைனமோ புல்லி வரைக்கும் நீட்டி, என்னைய எட்டி பாக்க சொன்னாரு. புல்லி விளிம்போட தடிமன் ஒண்ணுக்கொண்ணு வேறயா இருக்கும், அதனால விளிம்ப வச்சு கணக்கு போடக்கூடாது, பெல்ட்டு ஓடுற குழியோட நடுவ வச்சு தான் பாக்கணும்னு வெர்னியர்ல ரெண்டையும் அளந்து கழிச்சுக்கிட்டாரு. பெல்ட்டு டைட்டா இருக்கும்போது டைனமோ புல்லியோட ஒரு ஓரம் 3 மில்லி முன்னால, எதிர் ஓரம் 5 மில்லி முன்னால. பெல்ட்ட லூஸ் பண்ணிட்டு பாத்தா ரெண்டு ஓரமும் 3 மில்லி. புல்லிக்கும் புல்லிக்கும் நடுவுல ஒரு அடி தூரம் இருந்தா ஒன்றரை மில்லி வரைக்கும் தான் வித்தியாசம் தாங்கும், எங்க வண்டியில அந்த தூரம் ஏறக்குறைய ஒரு அடி தான்.

இந்த ரெண்டு அளவுல தான் மொத்த கேஸும் இருக்கு. லூசா இருக்கும்போதே 3 மில்லி முன்னால நிக்குதுன்னா டைனமோ மாட்டுன இடமே தப்பு. டைட் பண்ணினா ஒரு ஓரம் மட்டும் இன்னும் 2 மில்லி போகுதுன்னா டைனமோ சாயுது, அதாவது அது தொங்குற போல்ட்டுல ஆட்டம். கழட்டி பாத்தா ரெண்டும் இருந்துது. டைனமோவ மாட்டுற காதுல, 12 மில்லி போல்ட்டு போக வேண்டிய ஓட்டையில 10 மில்லி போல்ட்டு, அது ஆடி ஆடி அலுமினியக் காதுல ஓட்டை முட்டை மாதிரி நீண்டு போச்சு. காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல இருக்க வேண்டிய தடி வாஷர் ஒண்ணு இல்லவே இல்ல. எனக்கு அப்போ தான் ஞாபகம் வந்துது, ரெண்டு வருஷம் முன்னால டைனமோவ கழட்டி காயில் கட்ட குடுத்திருந்தோம். திரும்ப மாட்டும்போது தான் வாஷர் விட்டுப் போயிருக்கணும், போல்ட்டும் கிடைச்சத போட்டிருக்கணும். யார்னு சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல, பக்கத்துல நின்னு நான் பாத்திருக்கணும்.

இப்பம் எல்லாம் ஒரே நூல்ல கோர்த்து வந்துது. போல்ட்டுல ஆட்டம் இருந்ததால டைட் பண்ணின பெல்ட்டு நிக்காம லூசாகிட்டே வந்துது, அது தான் மொதல்ல வந்த நீள சத்தம், ஒல்லி பெல்ட்டு அத இன்னும் மோசமாக்குச்சு. கம்பிப்பாரை போட்டு இழுத்ததும் டைனமோ சாஞ்சுது, அது கிச் கிச். சாஞ்ச புல்லி பெல்ட்ட ஒரு சைடுல தின்னுச்சு, நூலு பிஞ்சுது, ஒரு நாள் இறக்கத்துல புரண்டு வெளிய விழுந்துது. காரணம் ஒண்ணு தான், சத்தம் மட்டும் ரெண்டு.

சரி பண்ணினது ஒரு நாள் வேலை. டைனமோ காத லேத்துல குடுத்து ஓட்டைய வட்டமா பெருசாக்கி இரும்பு புஷ் அடிச்சோம், 12 மில்லி போல்ட்டு புதுசு, 3 மில்லி தடிமன்ல வாஷர் கடைஞ்சு போட்டோம், டைனமோ பேரிங்கு ரெண்டும் மாத்தினோம். டைனமோவோட சின்ன புல்லியில குழிக்கு அடியில மின்னுற கோடு இருந்துது, அதாவது பெல்ட்டு அடியில முட்டியிருக்கு, சுவர் தேஞ்சு உள்பக்கமா வளைஞ்சிருக்கு. தேஞ்ச புல்லியில புது பெல்ட்ட போட்டா புது பெல்ட்டும் அதே வடிவத்துக்கு தேஞ்சிரும்னு ஆசான் ஒத்தக்கால்ல நின்னாரு, நாகர்கோவில்ல இருந்து புல்லி வரவழைச்சோம். கிராங்க் புல்லி குழியில மழையில பிடிச்ச துருவ வயர் பிரஷ்ல எடுத்தோம். கடற்கரை பக்கம், குளச்சல் முட்டம் ஏரியாவுல வண்டி வச்சிருக்கிறவங்க இந்த துரு விஷயத்த கூடுதலா கவனிங்க, உப்புக்காத்துல ரெண்டு வாரம் நிறுத்தி வச்சாலே குழி சொரசொரன்னு ஆயிரும், அது பெல்ட்ட அரம் மாதிரி ராவும்.

அப்புறம் புது ஏவி13. டென்ஷன் ஆசான் பெருவிரல்ல தான் பாத்தாரு, நீளமான பகுதியில நடுவுல நல்லா அழுத்தினா அரை இஞ்சுக்கு உள்ள இறங்கணும். அளந்து பாக்கணும்னா ஏறக்குறைய 10 கிலோ அழுத்தத்துக்கு 10 மில்லி, ஒவ்வொரு வண்டிக்கும் அதோட புத்தகத்துல இருக்கிறது தான் கடைசி வார்த்தை. இருபது நிமிஷம் லைட்ட போட்டு ஓட விட்டு, நிறுத்தி, திரும்ப அழுத்தி பாத்தா கொஞ்சம் லூசாகியிருந்துது, புது பெல்ட்டு குழியில படிஞ்சு உக்காரும்போது அப்படி ஆகும், திரும்ப டைட் பண்ணினோம். மூணு தடவ பெல்ட்டு மாத்தினப்போ ஒரு தடவ கூட யாரும் இந்த ரெண்டாவது டைட்ட செய்யல.

புது காருல வரிவரியா உள்ள அகலமான பெல்ட்டு இருக்கிறவங்களுக்கும் தண்ணி டெஸ்ட்டும் நேர்கோடு பாக்கிறதும் இதே தான். ஆனா அங்க டென்ஷன ஸ்பிரிங் டென்ஷனர் தானா பாத்துக்கும், அதனால பெல்ட்டு வழுக்கினா டென்ஷனர தான் பாக்கணும், நடுவுல பெல்ட்டுக்கு வழி காட்ட சும்மா சுத்துற ஐட்லர் புல்லியோட பேரிங்கையும் கையால சுத்தி பாக்கணும். இன்னொண்ணு, இப்ப வர்ற அந்த பெல்ட்டு பெரும்பாலும் இபிடிஎம்ங்கிற செயற்கை ரப்பர், அது பழசு மாதிரி லேசுல விரிசல் விடாது, வரிக்குழி தேஞ்சு ஆழமாகும், அவ்வளவு தான். விரிசல் இல்லியேன்னு நல்லா இருக்குன்னு நெனச்சுராதீங்க.

500 கிலோமீட்டர்ல ஒரு தடவ டைட் பாத்தேன், அசையல. துலா மழை, அதாவது வடகிழக்கு பருவமழை முழுக்க ஓட்டியாச்சு, காலையில செல்ஃப் அடிச்சா இஞ்சின் சத்தம் மட்டும் தான். ஒரு ஏவி13 பெல்ட்டும் அத மாட்ட வேண்டிய ஸ்பேனரும் டூல் பாக்ஸ்ல எப்பவும் இருக்கு, தேஞ்ச பெல்ட்ட ஸ்பேரா வச்சுக்கிற பழக்கத்த விட்டுட்டேன். போன வாரம் 4,000 கிலோமீட்டர் ஆனப்போ என் பொண்ண ஒரு முனைய பிடிக்கச் சொல்லி கொத்தனார் நூல திரும்ப இழுத்து பாத்தோம். ரெண்டு ஓரமும் நூல தொட்டுட்டு நிக்குது.